மில்லியன் டாலர் போட்டியில் ஆடிவிட்டுக் கைக்காசோடு நஷ்டப்படுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் உலகின் நம்பர் ஒன் கோல்ஃப் வீரர் ஸ்காட்டி ஷெஃப்லரைப் பற்றிச் சொல்லும்போது, ‘2019-ல் கார்ன் ஃபெர்ரி டூரில் ஆடிக்கொண்டிருந்தவர்’ என்று போகிற போக்கில் ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த வாரப் பக்கத்தை நிரப்பிவிட்டன. கோல்ஃப் பிடிக்காதவர்கள் அடுத்த வாரம் வாருங்கள். அல்லது கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள், இதில் பந்தைவிடப் பணக்கணக்குதான் அதிகம்.

கார்ன் ஃபெர்ரி டூர் என்பது என்ன? பிஜிஏ டூரும் அதுவும் ஒன்றா? – மதுரை வாசகர்

ஒன்றில்லை, ஆனால் நடத்துவது அதே பிஜிஏ டூர் நிர்வாகம்தான். அமெரிக்க ஆண்கள் கோல்ஃபில் மேல்தட்டு பிஜிஏ டூர், அதற்கு ஒரு படி கீழே இது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் டெஸ்ட் அணிக்கும் ரஞ்சிக்கும் உள்ள உறவு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ரஞ்சியில் டக் அவுட் ஆனாலும் மேட்ச் ஃபீஸ் வரும், இங்கே சரியாக ஆடாத வாரத்துக்குச் சல்லிக்காசு கிடையாது. அதோடு, ரஞ்சியில் எவ்வளவு ரன் அடித்தாலும் தேர்வுக் குழு மனது வைக்க வேண்டும். இங்கே தேர்வுக் குழுவே இல்லை. சீசன் முடிவில் பாயின்ட் பட்டியலில் முதல் 20 இடத்துக்குள் இருந்தால் அடுத்த வருடம் பிஜிஏ டூரில் ஆடும் உரிமை, அதாவது ‘கார்டு’, கையில் வந்துவிடும். யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு இந்த டூர் பிடித்துப்போனதே இதனால்தான்.

கார்ன் ஃபெர்ரி என்பது யாரோ பழைய வீரரின் பெயரா? – சேலம் வாசகி

இல்லை, அது ஒரு கம்பெனி. பெரிய நிறுவனங்களுக்கு மேலதிகாரிகளைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிற நிறுவனம். வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனியின் பெயரில், வருடம் முழுக்க நீளும் ஒரு இன்டர்வியூ. பொருத்தம்தான்.

வீரர் பெயரில் ஒரு காலம் இருந்தது. 1990-ல் ஆரம்பித்தபோது பென் ஹோகன் டூர். அப்புறம் நைக்கி, பை டாட் காம், நேஷன்வைட், வெப் டாட் காம் என்று ஸ்பான்சர் மாறும்போதெல்லாம் பெயரும் மாறி, 2019 ஜூனில் இப்போதைய பெயருக்கு வந்து நின்றிருக்கிறது. அதனால் பழைய பேட்டிகளில் ஒரே டூரை ஆளுக்கொரு பெயரில் சொல்வார்கள். குழம்ப வேண்டாம்.

ஒரு சீசன் எப்படிப் போகும்? எங்கெங்கே ஆடுவார்கள்? – புதுச்சேரி வாசகர்

ஜனவரியில் பஹாமாஸ் தீவுகளில் ஆரம்பம். கேட்க ஹனிமூன் மாதிரி இருக்கும், ஆனால் அங்கே அடிக்கிற கடல் காற்று ஆளை அழ வைத்துவிடும். 2017-ல் கிரேட் எக்ஸுமாவில் முதல் போட்டி நடந்தபோது காற்று தாங்க முடியாமல், முதல் இரண்டு நாள் முடிவில், மிச்ச நாள் ஆடுவதற்கான தகுதிக் கோடே பாரைவிட 11 அடிகள் அதிகமாகப் போய் நின்றது. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி போதும் என்று ஓர் அளவு வைத்திருப்பார்கள், அதுதான் பார். இந்த மட்டத்து வீரர்களின் கோடு வழக்கமாகப் பாரைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அந்த வாரம் ஜெயித்த கைல் தாம்ப்சனே நான்கு நாளும் சேர்த்து பாரைவிட இரண்டே அடிதான் குறைவு.

அங்கிருந்து பனாமா, கொலம்பியா, அர்ஜென்டினா, சிலே. கொலம்பியாவின் பொகோட்டா ஊட்டியைவிட உயரமான ஊர், ஏறத்தாழ 2,600 மீட்டர். காற்றின் அடர்த்தி குறைவு, பந்து வழக்கத்தைவிடப் பத்து சதவீதம் அதிகமாகப் பறக்கும். போன வாரம் கடல் மட்டத்தில் எதிர்க்காற்றில் பந்தைத் தாழ்வாக அடிக்கப் பழகியவர், இந்த வாரம் ஒவ்வொரு கிளப்புக்கும், அதாவது பந்தடிக்கும் மட்டைக்கும், தூரக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். அதற்குள் அந்த வாரம் முடிந்து அடுத்த விமானம்.

வசந்தத்தில் அமெரிக்காவுக்குள் வந்தபிறகு ஊர் ஊராகச் சாலைப் பயணம். ஜார்ஜியாவின் சவானா, டென்னசியின் நாக்ஸ்வில், கன்சாஸின் விச்சிட்டா, யூட்டா, நெப்ராஸ்காவின் ஓமஹா, ஐடஹோவின் பாய்ஸி என்று போகும். பெரும்பாலும் பிஜிஏ டூர் எட்டிப் பார்க்காத நடுத்தர ஊர்கள். நாக்ஸ்வில், விச்சிட்டா, யூட்டா, பாய்ஸி நான்கும் 1990-லிருந்து நடத்திவருகிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு இது வருடாந்திரத் திருவிழா. விச்சிட்டாவில் 17-வது குழியைச் சுற்றிக் கேலரி கட்டி, பீரும் கூச்சலுமாகக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். பந்து குழியைச் சுற்றியுள்ள பச்சைத் திட்டில் விழாவிட்டால் கூவுவார்கள். மற்ற ஊர்களில் வியாழக்கிழமைக் காலை ஏழு மணிக்கு ஒரு குழு கிளம்பும்போது பின்னால் நடந்து வருவது வீரரின் மனைவியும் அவருடைய அப்பாவும் மட்டும் என்பது சாதாரணம்.

மொத்தம் 26 போட்டிகள் வரை வரும். கடைசி நான்கும் இறுதிச் சுற்று, அவற்றுக்குப் பாயின்டும் பணமும் கூடுதல். அக்டோபரில் இண்டியானாவின் ஃபிரெஞ்ச் லிக்கில் கடைசிப் போட்டி. கூடைப்பந்து ரசிகர்களுக்கு லேரி பேர்டின் ஊர் என்றால் புரியும். அங்கே வெறும் 75 பேருக்குத்தான் அனுமதி.

நல்ல சம்பாத்தியம் இருக்குமே? ஒரு போட்டிக்கே மில்லியன் டாலர் பரிசு என்று போட்டிருக்கிறதே! – ஈரோடு வாசகர்

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

மில்லியன் டாலர் என்பது ஒரு போட்டியின் மொத்தப் பரிசு. வழக்கமாக 156 பேர் ஆடுகிறார்கள். ஜெயிப்பவருக்கு 18 சதவீதம், 1,80,000 டாலர், நம் பணத்தில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். சந்தோஷம். ஆனால் இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் முதல் 65 இடங்களிலும் கடைசி இடத்தில் சமமாக நிற்பவர்களும் மட்டுமே அடுத்த இரண்டு நாளுக்குப் போவார்கள். இதுதான் ‘கட்’. மீதி எண்பது தொண்ணூறு பேருக்குப் பூஜ்யம். கட்டைத் தாண்டிக் கடைசியில் முடிப்பவருக்கு 4,000 டாலர் சொச்சம்.

இப்போது செலவுக்கு வாருங்கள். விமானம், வாடகைக் கார், தங்குமிடம், சாப்பாடு, கேடியின், அதாவது பையைச் சுமந்துகொண்டு கூடவே நடக்கிற உதவியாளரின், வாரச் சம்பளம் எல்லாம் வீரரின் கைக்காசு. வாரத்துக்கு 3,000 டாலர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம், 25 வாரத்துக்கு 75,000. பயிற்சியாளர், இன்ஷூரன்ஸ், வரி எல்லாம் இதில் சேரவில்லை. கட்டைத் தாண்டிக் கடைசியில் முடித்த வாரத்தில் மிஞ்சுவது ஆயிரம் டாலர், தாண்டாத வாரத்தில் 3,000 நஷ்டம். ஒன்றுவிட்டு ஒன்று இப்படிக் கடைசி இடத்தில் தாண்டுகிறவர், அதாவது உலகத்தின் மிகச் சிறந்த சில நூறு கோல்ஃப் வீரர்களில் ஒருவர், வருட முடிவில் கடனில் நிற்பார்.

பிறகு எப்படி ஓட்டுகிறார்கள்? கிளப்பும் பந்தும் கம்பெனிக்காரர்கள் தருகிறார்கள். சிலருக்குச் சொந்த ஊர்ப் பணக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து முதலீடு மாதிரிப் பணம் போட்டு, வருமானத்தில் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் போட்டி நடக்கிற ஊரில் யாராவது ஒரு குடும்பத்தின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கிவிடுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளையின் அறை, சுவரில் அவனுடைய பேஸ்பால் போஸ்டர், காலையில் சீரியல், ராத்திரி அவர்களோடு சாப்பாடு. அடுத்த வருடமும் அதே வீட்டுக்குப் போவார்கள், கல்யாணத்துக்கு அந்தக் குடும்பத்தை அழைப்பார்கள். இந்த டூரில் கேட்கவே நன்றாக இருக்கிற விஷயம் இது ஒன்று.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு. பிஜிஏ டூரின் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் 2024-ல் ஷெஃப்லர் ஜெயித்தபோது அவருக்குக் கிடைத்தது 45 லட்சம் டாலர். கீழ்த்தட்டில் நான்கு சாதாரணப் போட்டிகளுக்கான மொத்தப் பரிசையும் கூட்டினாலும் அதைத் தொடாது.

கட் ஆவதை எப்போது தெரிந்துகொள்வார்கள்? உடனே அறிவிப்பார்களா? – திருநெல்வேலி வாசகி

அதுதான் கொடுமை, உடனே தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் ஆடியவர் மதியமே முடித்துவிடுவார். கோடு இப்போது பாரைவிட இரண்டு குறைவில் இருக்கிறது, இவரும் சரியாக இரண்டு குறைவில் இருக்கிறார் என்று வையுங்கள். மதியம் ஆடுகிற எழுபது எண்பது பேர் நன்றாக ஆடினால் கோடு மூன்றுக்கு ஏறும், இவர் வெளியே. காற்று கிளம்பினால் கோடு அப்படியே நிற்கும், இவர் உள்ளே. கார் டிக்கியில் பெட்டி கட்டி வைத்தாயிற்று, போனில் ஸ்கோர் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே ஐந்து மணி நேரம் எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும். மழையோ இருட்டோ குறுக்கிட்டால் சனிக்கிழமை காலை வரை. யாரோ முகம் தெரியாத ஒருவர் கடைசிக் குழியில், நாலடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டும் ‘புட்’டைத் தவறவிட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வதை இந்த வீரர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

இந்த டூரில் சேர்வது எப்படி? பணம் கட்டினால் சேர்த்துக்கொள்வார்களா? – தூத்துக்குடி வாசகர்

பணம் கட்டினால் தேர்வு எழுதலாம், அவ்வளவுதான். ‘க்யூ ஸ்கூல்’ என்று பெயர். பள்ளிக்கூடம் ஏதுமில்லை, பல கட்டமாக நடக்கிற தகுதிப் போட்டி. நுழைவுக் கட்டணமே ஆயிரக்கணக்கான டாலர். டிசம்பரில் ஃபுளோரிடாவில் நடக்கும் கடைசிக் கட்டத்தில் முதல் ஐந்து பேருக்கு நேராக பிஜிஏ டூர் கார்டு. அவர்களுக்குப் பின்னால் வருகிற சுமார் 40 பேருக்கு கார்ன் ஃபெர்ரியில் இடம், அதிலும் ரேங்கைப் பொறுத்துச் சில போட்டிகளுக்குத்தான் உறுதி. நடுவில் பட்டியலை அவ்வப்போது கலைத்து அடுக்குவார்கள். அதுவரை சம்பாதித்த பாயின்ட் குறைவாக இருந்தால், மே மாதத்தில் டூர் உறுப்பினராகவே இருந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க நேரும்.

கீழிருந்து ஏறவும் வழி உண்டு. கனடா, லத்தீன் அமெரிக்கா டூர்களை இணைத்து 2024-ல் தொடங்கிய பிஜிஏ டூர் அமெரிக்காஸில் முதல் பத்து இடம் பிடித்தால் இங்கே வரலாம். ஜானி கீஃபர் என்ற இளைஞர் 2024-ல் அங்கே முதலிடம், 2025-ல் இங்கேயும் முதலிடம். இரண்டே வருடத்தில் இரண்டு மாடி.

அதுவும் இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் தனியாக ஒருநாள் தகுதிச் சுற்று இருக்கிறது. பெரும்பாலும் திங்கட்கிழமை நடப்பதால் மண்டே குவாலிஃபையர் என்பார்கள். 18 குழி, கொஞ்சமே கொஞ்சம் இடங்கள், நிறையப் பேர். பாரைவிட ஆறு குறைவாக ஆடியும் இடம் கிடைக்காமல் மறுபடி காரை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள்.

முதல் 20 பேர் என்றால் ஓரளவு சுலபம்தானே? தொடர்ந்து நன்றாக ஆடினால் போதுமே? – கும்பகோணம் வாசகர்

போதாது. நிறையப் பேர் நினைப்பது போல இது ‘தொடர்ந்து சுமாராக நன்றாக ஆடுகிறவனுக்கு’ உரிய பந்தயம் இல்லை. பாயின்ட் கணக்கைப் பாருங்கள். சாதாரணப் போட்டியில் ஜெயித்தால் 500, இரண்டாவதுக்கு 300, மூன்றாவதுக்கு 190. கீழே போகப் போகச் சரசரவென்று இறங்கி, 30-வது இடத்துக்கு முப்பது பாயின்ட்கூடத் தேறாது. ஆக, இருபது போட்டியில் ஒரு கட்டைக்கூடத் தவறவிடாமல் இருபதிலும் 30-வது இடம் பிடித்த ஒழுங்கான மனிதர் ஒருவரும், இருபதில் பத்து முறை கட்டைத் தாண்டாமல் ஒரே ஒரு வாரம் பேய் மாதிரி ஆடி ஜெயித்தவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்பார்கள். அந்த இரண்டாமவர் இன்னொரு வாரம் மூன்றாவதாக வந்துவிட்டால் முதலாமவரைத் தாண்டி எங்கோ போய்விடுவார். இது நியாயமா என்றால், மேலே பிஜிஏ டூரிலும் கணக்கு இப்படித்தான் என்று சொல்வார்கள். எனக்கென்னவோ அந்த முதல் ஆளின் மேல்தான் பரிதாபம்.

2024 வரை 30 பேருக்குக் கார்டு கொடுத்தார்கள், 2025 முதல் அதை 20 ஆகக் குறைத்துவிட்டார்கள். பிஜிஏ டூரிலேயே முழு உரிமை உள்ளவர்களின் எண்ணிக்கையை 125-லிருந்து 100-க்கு இறக்கியதன் தொடர்ச்சி. மேலே இடம் குறைந்தால் கீழே கதவும் சிறிதாகிறது.

அந்தக் கடைசி இடத்துக்கு எவ்வளவு நெருக்கடி என்பதற்கு 2018 ஒரு உதாரணம். அப்போது பாயின்ட் இல்லை, சம்பாதித்த பணத்தை வைத்துத்தான் பட்டியல், வழக்கமான சீசன் முடிவில் முதல் 25 பேருக்குக் கார்டு. 25-வது இடம் ஜிம் நௌஸ். 26-வது ஜஸ்டின் லோவர். இருவருக்கும் இடையில் 500 டாலர். எட்டு மாதம், இருபதுக்கு மேற்பட்ட ஊர்கள், ஆயிரக்கணக்கான அடிகள், கடைசியில் வித்தியாசம் ஒரு விமான டிக்கெட்டின் விலை. லோவர் 2021-ல் கார்டு வாங்கிவிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சிலர் தூங்க மாட்டீர்கள்.

ஒரே சுற்றில் 57 அடித்த ஆள் இந்த டூரில்தான் ஆடினாராமே? – வேலூர் கல்லூரி மாணவர்

ஆமாம் தம்பி, சிலே நாட்டின் கிறிஸ்டோபல் டெல் சோலார். 2024 பிப்ரவரி, நான் மேலே சொன்ன அதே பொகோட்டா, 18 குழிக்கும் சேர்த்துப் பார் 70 உள்ள மைதானம். பாரைவிட 13 குறைவு. பிஜிஏ டூர் நடத்துகிற எந்த டூரிலும் அதைவிடக் குறைந்த ஸ்கோர் கிடையாது. உயரமும் கை கொடுத்தது என்பார்கள், ஆனால் அன்று அதே காற்றில் ஆடிய வேறு யாரும் 57 அடிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் அது முதல் நாள், மிச்சம் மூன்று நாள் ஆட்டத்தில் அந்தப் போட்டியை அவர் ஜெயிக்கவில்லை.

2016-ல் ஜெர்மனியின் ஸ்டெஃபான் யேகர் கலிஃபோர்னியாவில் 58 அடித்தார். அவர் விடவில்லை, நான்கு நாளில் பாரைவிட 30 குறைவாக முடித்துக் கோப்பையோடு போனார்.

ஒரு சீசன் முடியும் முன்பே மேலே போக வழி இருக்கிறதா? – காரைக்குடி வாசகர்

இருக்கிறது. ஒரே சீசனில் மூன்று போட்டிகளை ஜெயித்தால் அன்றே பிஜிஏ டூருக்குப் போகலாம். போர்க்களத்தில் வைத்தே பதவி உயர்வு கொடுப்பது போல என்பதால் அவர்கள் வழக்கில் ‘பேட்டில்ஃபீல்ட் ப்ரமோஷன்’.

இதில் ஜேசன் கோரின் 2005 கதையை விட முடியாது. ஜூனில் பைன்ஹர்ஸ்டில் யுஎஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டி. பெயரே தெரியாத இந்தக் குண்டு மனிதர் மூன்று நாள் அபாரமாக ஆடி, கடைசி நாள் கடைசி ஜோடியில் ரெட்டீஃப் கூசனோடு கிளம்பினார். டிவி முழுக்க அவர்தான். அன்று அவர் அடித்தது 84. ஒரு மனிதனை முடக்கிப்போட அது போதும். ஆனால் அவர் திரும்பக் கீழ்த்தட்டுக்குப் போய், அடுத்தடுத்து ஆடிய மூன்று போட்டிகளையும் ஜெயித்தார், மூன்றாவதான ஓமஹாவில் ஒரு சுற்று 59. பதவி உயர்வு கிடைத்து மேலே போனவர், செப்டம்பரில் பென்சில்வேனியாவில் பிஜிஏ டூர் போட்டி ஒன்றையும் ஜெயித்துவிட்டார். மூன்று மாதத்தில் நடந்தது இத்தனையும்.

மேலே போனவர்கள் திரும்பக் கீழே வருவதுண்டா? – நாகர்கோவில் வாசகி

தாராளமாக. கார்டு என்பது ஒரு வருட ரேஷன் மாதிரி, புதுப்பிக்காவிட்டால் போச்சு. மேக்ஸ் ஹோமா 2016-17 சீசனில் பிஜிஏ டூரில் 17 போட்டிகள் ஆடி இரண்டே இரண்டு கட்டைத் தாண்டினார். வருட வருமானம் 18,008 டாலர். கேடிக்கு அதைவிட அதிகம் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். 2018-ல் மறுபடி கீழே ஆடி, கார்டை மீட்டு, 2019 மே மாதம் குவெயில் ஹாலோவில் வெல்ஸ் ஃபார்கோ போட்டியை ஜெயித்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு நட்சத்திரம். அவரே தன் பழைய ஸ்கோர்களைக் கிண்டலடித்து எழுதுவதைப் படித்தால் சிரிப்பு வரும்.

இந்தியர்கள் யாராவது இந்த வழியாகப் போயிருக்கிறார்களா? – கோவை வாசகர்

அர்ஜுன் அத்வால் முக்கியமானவர். 2008-ல் இந்த டூரில் சட்டனூகா கிளாசிக் ஜெயித்தார். அப்புறம் தோள்பட்டைக் காயம், கார்டு போயிற்று. 2010 ஆகஸ்டில் பிஜிஏ டூரின் வின்டம் சாம்பியன்ஷிப்புக்கு, நான் மேலே சொன்னேனே அந்தத் திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றில் ஆடித்தான் உள்ளே வந்தார். உள்ளே வந்தவர் அந்தப் போட்டியையே ஜெயித்துவிட்டார். பிஜிஏ டூரில் ஜெயித்த முதல் இந்தியர் அவர்தான், அதுவும் கார்டு இல்லாமல்.

அனிர்பன் லாஹிரி 2015-ல் இந்த டூரின் இறுதிச் சுற்றுப் போட்டிகள் வழியாகக் கார்டு வாங்கினார். அமெரிக்காவில் பிறந்த அக்‌ஷய் பாட்டியா கல்லூரிக்கே போகாமல் 17 வயதில் தொழில்முறைக்கு வந்து, 2022 ஜனவரியில் பஹாமாஸில் இந்த டூரின் போட்டியை ஜெயித்தபோது இருபது வயது நிறையவில்லை. விசாகப்பட்டினத்தில் பிறந்து சிறு வயதிலேயே கனடா போன சுதர்சன் எல்லாமராஜு என்பவர், யூடியூப் பார்த்தே ஆட்டம் கற்றவர் என்கிறார்கள், 2025-ல் பஹாமாஸில் ஜெயித்து அந்த வருடக் கடைசியில் கார்டும் வாங்கினார். தமிழ்ப் பெயர் ஒன்று சேர்க்க ஆசைதான், இப்போதைக்கு இல்லை.

பெண்களுக்கு இப்படி ஒன்று உண்டா? – திருச்சி வாசகி

உண்டு, எப்ஸன் டூர். 1981-ல் ஃபுளோரிடாவில் சின்னதாகத் தொடங்கியது, நீண்ட காலம் ஃப்யூச்சர்ஸ் டூர் என்று பெயர். இப்போது பெண்களின் மேல்தட்டு டூரான எல்பிஜிஏ-வுக்குப் போகும் அதிகாரபூர்வப் படி. நெல்லி கோர்டா 2016-ல் தென் டகோட்டாவின் சூ ஃபால்ஸில் ஜெயித்து இங்கிருந்துதான் மேலே போனார். மேலே சொன்ன பணக் கஷ்டம் எல்லாவற்றையும் மூன்றாலோ நான்காலோ பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு போட்டியின் மொத்தப் பரிசே பெரும்பாலும் இரண்டு, மூன்று லட்சம் டாலர்தான், ஆனால் விமானக் கட்டணத்தில் பெண்களுக்குத் தள்ளுபடி யாரும் தருவதில்லை. ஊர்க் குடும்பங்களின் வீட்டில் தங்குவதும் இங்கேதான் அதிகம். பல வீராங்கனைகள் கேடி வைக்காமல் தாங்களே பையைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள்.

கேடிக்கு என்ன கிடைக்கும்? – பெயர் வேண்டாம் என்ற சென்னை வாசகர்

வாரச் சம்பளம், அதோடு பரிசில் பங்கு. வழக்கமான பேச்சு: கட்டைத் தாண்டினால் 5 சதவீதம், முதல் பத்து இடத்துக்குள் வந்தால் 7, ஜெயித்தால் 10. தன் வீரர் தோற்றால் தனக்கும் நஷ்டம் என்பதால் இருவரும் காலையில் ஒரே காரில் வந்து, ராத்திரி ஒரே அறையைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. ஏன் பெயர் வேண்டாம் என்றீர்கள்? வேலையை விட்டுவிட்டுக் கிளம்பப் போகிறீர்களா?

கோல்ஃப் போரடிக்காதா சார்? – தஞ்சாவூர் வாசகர்

வெள்ளிக்கிழமை மாலைகளில் போரடிக்காது.

என் மகனுக்கு 14 வயது. சென்னையில் நந்தனம் காஸ்மோ மைதானத்தில் பயிற்சி எடுக்கிறான். அமெரிக்க டூர்தான் லட்சியம் என்கிறான். படிப்பை நிறுத்திவிட்டு முழு நேரமும் இதில் விடலாமா? – சென்னை வாசகி

அம்மா, படிப்பை நிறுத்தாதீர்கள். தத்துவமாகச் சொல்லவில்லை, வழி அப்படித்தான் அமைந்திருக்கிறது. அமெரிக்காவில் இப்போது மேலே போக மிகக் குறுகிய பாதையே கல்லூரிதான். பிஜிஏ டூர் யுனிவர்சிட்டி என்று ஒரு தரவரிசை 2020-லிருந்து இருக்கிறது. நான்கு வருடப் படிப்பை முடிக்கும் கல்லூரி வீரர்களில் முதலிடம் பிடிப்பவருக்கு நேரடியாக பிஜிஏ டூர் கார்டு, அடுத்து 10-வது இடம் வரை கார்ன் ஃபெர்ரியில் இடம், அதற்குக் கீழே சிலருக்கு அமெரிக்காஸ் டூர். சுவீடனின் லுட்விக் ஓபெர்க் 2023-ல் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்திலிருந்து இந்த வழியில் நேராக மேலே போன முதல் ஆள், அந்த வருடமே அமெரிக்காவோடு மோதும் ஐரோப்பாவின் ரைடர் கோப்பை அணியிலும் ஆடினார். கல்லூரி என்றால் பயிற்சி, மைதானம், பயணம் எல்லாம் அவர்கள் செலவு. உதவித்தொகை கிடைத்தால் நான்கு வருடத்துக்கு வீட்டுப் பணம் மிச்சம். நான் மேலே போட்ட 75,000 டாலர் கணக்கை மறுபடி ஒருமுறை படித்தால் அதன் அருமை தெரியும்.

உதவித்தொகைக்கு அவர்கள் பார்ப்பது மார்க்கும் ஸ்கோரும். ஸ்கோர் என்றால் அப்பாவின் நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை அடித்தது இல்லை, ஜூனியர் போட்டிகளில் பதிவானது. ஆகவே இந்த நான்கு வருடமும் பள்ளிக்கூடமும் போகட்டும், இந்திய ஜூனியர் போட்டிகளிலும் ஆடட்டும். அமெரிக்கா கைகூடாவிட்டாலும் இங்கே இந்தியத் தொழில்முறை டூரான பிஜிடிஐ, ஆசிய அளவில் ஏஷியன் டெவலப்மென்ட் டூர் என்று படிகள் இருக்கின்றன, அவையும் லேசுப்பட்டவை இல்லை.

பையனின் ஹேண்டிகேப், அதாவது பாரைவிட ஏறத்தாழ எத்தனை அடி கூடுதலாக ஆடுகிறான் என்கிற கணக்கு, எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லையே. அதையும், கடைசியாக ஆடிய ஐந்து போட்டிகளின் ஸ்கோரையும் அடுத்த கடிதத்தில் அனுப்புங்கள். நல்லதை மட்டும் பொறுக்கி அனுப்பாமல் ஐந்தையும் அனுப்பச் சொல்லுங்கள்.